இரண்டு இன்புட், பத்துக்குப் பத்து அறை

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் டிரம்ஸ் வாசிக்கும் இளைஞனுக்குத் தொல்லைகள் மூன்று. கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தால்தான் டிரம்ஸ் செட் அறைக்குள் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து மதியம் வரை தூங்குகிறவர் என்றால், சாயங்காலம் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் குச்சியைத் தொடலாம். இவை இரண்டையும் சமாளித்து, வாசிப்பதைப் பதிவு செய்யலாம் என்று உட்கார்ந்தால் மூன்றாவது தொல்லை வந்து நிற்கிறது. கிக், ஸ்னேர், மூன்று டாம், ஹை-ஹாட், இரண்டு மூன்று சிம்பல் என்று ஒலி எழும் இடங்கள் எட்டு ஒன்பது. மேசைமேல் இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் மைக் செருக இடமோ இரண்டே இரண்டு.

பெரிய ஸ்டுடியோக்களில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு ஜோடி, அறையின் ஒலிக்கு இன்னொரு ஜோடி என்று பத்துப் பன்னிரண்டு மைக் நிற்கும். அந்தப் படங்களைப் பார்த்து மலைத்துப்போய், ‘எட்டு சேனல் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ரிதம் பேடுக்கே திரும்பிவிடுகிறவர்கள் பலர். சிலர் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய் மணிக்கணக்கு வாடகையில் அறை எடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, எட்டு சேனலுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை என்பதுதான் இந்த உரையின் கட்சி. இன்புட் குறையும்போது வேலை மிக்ஸிங் திரையிலிருந்து அளவுநாடாவுக்கு மாறுகிறது. தொழிற்கூடங்களில் அளவெடுத்துப் பிழைக்கிறவர்களோ ஓசூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

குறைந்த மைக்கில் டிரம்ஸ் பதிவது, வசதி இல்லாதவர்கள் ஒப்புக்குச் செய்யும் வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் மோட்டார் நகரமான டெட்ராய்ட்டில் பெர்ரி கோர்டி என்ற இளைஞர் 1950களின் நடுவில் லிங்கன்-மெர்குரி கார் தொழிற்சாலையின் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தார். 1959-ல் மேற்கு கிராண்ட் பூல்வார்டு சாலையில் ஒரு வீட்டை வாங்கி, அதிலேயே ஸ்டுடியோ அமைத்தார். மோட்டவுன் என்ற பெயரில் உலகம் அறிந்த பாடல்கள் 1972 வரை அந்த வீட்டில்தான் பதிவாயின. தொடக்கத்தில் டேப்பில் இருந்தவை இரண்டு டிராக், பிறகு மூன்று. டிரம்ஸுக்கென்று தனி டிராக் கேட்க அந்தத் தொடக்க ஆண்டுகளில் வழியே இல்லை; பென்னி பெஞ்சமின் வாசித்த டிரம்ஸ், மற்ற வாத்தியங்களோடு சேர்ந்தே பதிவானது. டிவிஎஸ் 50 மொபெட் உருண்டு வந்த ஊர், 1980 முதல் அசோக் லேலண்ட் ஆலை ஓடும் ஊர் என்ற வகையில் ஓசூர் இந்தக் கதையைத் தன் கதையாகவே படிக்கலாம்.

இன்னும் பின்னால் போனால் இதைவிட நெருக்கமான ஓர் உதாரணம் கிடைக்கிறது. இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஸ்டார் பியானோ கம்பெனி, தன் தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே ஜெனட் என்ற பெயரில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தியது. பக்கத்திலேயே தண்டவாளம், ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். 1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு அங்கே வாசித்தது. மைக் என்பதே ஒலிப்பதிவுக்கு வராத காலம் அது. பெரிய கொம்புக் குழல் ஒன்றுதான் மொத்த ஒலியையும் வாங்கி, மெழுகுத் தட்டில் கீறும் ஊசிக்குக் கொடுத்தது. டிரம்ஸின் முழு வீச்சு ஊசியைத் துள்ள வைத்துவிடும் என்பதால் டிரம்மர் பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டியே தாளம் கொடுத்தார். இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை மூழ்கடித்ததால் அவரைப் பல அடி பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களிடம் இருந்த ஒரே கருவி, ஆள் நிற்கும் தூரம்.

கோடம்பாக்கமும் இதே பள்ளியில் படித்ததுதான். 1950களிலும் 60களிலும் பாடகர், கோரஸ், முழு ஆர்கெஸ்ட்ரா எல்லாரும் ஒரே நேரத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய மைக்குகளின் முன் பாடி வாசித்தார்கள். யார் மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்காருவது என்பதே அன்றைய மிக்ஸிங். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து. வீட்டோடு ஒட்டிய ஸ்டுடியோ என்பதும் தமிழ் இசைக்குப் புதிதில்லை. 1992-ல் வந்த ‘ரோஜா’வின் இசை உருவானது கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான்.

இனி அளவுநாடாவுக்கு வருவோம்.

20 டிகிரி வெப்பத்தில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி வினாடி. ஸ்னேரில் விழுந்த ஓர் அடி, ஒரு மைக்குக்கு முன்னும் இன்னொரு மைக்குக்குப் பின்னும் போய்ச் சேர்ந்தால், இரண்டையும் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றில் அலை மேலேறும் நேரத்தில் மற்றதில் கீழிறங்குவதால் வரும் வினை இது. எந்த அலைவரிசை போகும் என்று கணக்கே போடலாம்: 343-ஐ, தூர வித்தியாசத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் பள்ளம் கிடைக்கும். இரண்டு மைக்குக்கும் 85 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் 200 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளம் விழும். ஸ்னேரின் உடம்பு இருக்கும் இடமே அதுதான். ‘நேரில் கேட்டால் கும்மென்று இருக்கிறது, பதிவில் தகர டப்பா மாதிரி இருக்கிறதே’ என்ற குறைக்குப் பல நேரம் காரணம் மலிவான மைக் இல்லை, இந்த 85 சென்டிமீட்டர்தான். வித்தியாசம் 10 சென்டிமீட்டர் ஆனாலும் 1,700 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு கீறல் விழும். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கைக்கு 10 சென்டிமீட்டர் பெரிய தூரம். அந்தக் கறார்த்தனம் டிரம்ஸ் பதிவுக்கு அப்படியே உதவும்.

ஒரே ஒரு மைக்தான் இருக்கிறது என்றால் எங்கே வைப்பது? தலைக்கு மேலே என்று பலர் சொல்வார்கள். பத்தடிக் கூரை உள்ள அறையில் அது நல்ல இடமில்லை. சிம்பலும் கூரையின் எதிரொலியும் சேர்ந்து கிக்கை விழுங்கிவிடும். கிக் டிரம்மின் மேல்விளிம்புக்கும் டாம்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில், ஸ்னேரை எட்டிப் பார்க்கும்படி மைக்கை வைத்தால் கிக், ஸ்னேர், டாம் மூன்றும் ஏறக்குறைய சமமாக வரும். சிம்பல்கள் டாம்களின் மறைவில் கொஞ்சம் அடங்கும். 1965-ல் ஷூர் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.எம். 57 போன்ற சாதாரண டைனமிக் மைக்கே இதற்குப் போதும். அடியின் வேகத்துக்கு அது அசராது, 48 வோல்ட் பேண்டம் பவரும் கேட்காது.

இரண்டு இன்புட் என்றால் முடிவெடுத்தே ஆக வேண்டும்: இடம்-வலம் விரியும் ஸ்டீரியோவா, கிக்குக்குத் தனி மைக்கா? தயக்கமில்லாமல் கிக்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கன்டென்சர் மைக் ஸ்னேருக்கு மேலே மூன்றரை அடி உயரத்தில், இன்னொன்று கிக்கின் முன்னால் அல்லது முன்தோலில் இருக்கும் ஓட்டைக்குள். லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பீட்டில்ஸின் தொடக்கக் காலப் பதிவுகளில் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸுக்கு நின்றவை ஏறக்குறைய இந்த இரண்டும்தான். 1966-ல் ஜெஃப் எமெரிக் என்ற இளம் ஒலிப்பதிவாளர் ரிங்கோவின் கிக்குக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை நெருக்கமாக நகர்த்தினார். அந்த அடங்கிய, தடித்த ஒலி அதன்பிறகு உலக வழக்கமானது. இங்கே ஸ்வெட்டருக்குப் பதில் பழைய பருத்திப் புடவை அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்யும். இரண்டு தோலையும் லேசாகத் தொட்டுக்கொண்டு கிடந்தால் போதும், அடைத்துவிடக் கூடாது.

இரண்டு மைக்கையும் வைத்தபின் மென்பொருளில் ஒரு டிராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிக் கேட்க வேண்டும். எந்த நிலையில் கிக் பருமனாகக் கேட்கிறதோ அதுவே சரி. பத்து வினாடி வேலைதான். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு ஈக்யூவில் பாஸைக் கூட்டிக் கூட்டித் தோற்றவர்கள் ஏராளம்.

மூன்று அல்லது நான்கு இன்புட் கிடைத்தால் ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸின் முறை கைக்கு வரும். 1968 இலையுதிர் காலத்தில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பம் பதிவானபோது, ஃப்ளோர் டாம் பக்கமிருந்த மைக் தற்செயலாக இடப்பக்கமே ஒலித்தது. ஜான் பானமின் டிரம்ஸ் திடீரென அகன்று கேட்டதைக் கவனித்த ஜான்ஸ், மேலிருந்த மைக்கை வலப்பக்கம் தள்ளினார். முறை பிறந்தது. ஒரு மைக் ஸ்னேருக்கு நேர் மேலே. இன்னொன்று டிரம்மரின் வலப்பக்கம், ஃப்ளோர் டாமின் விளிம்புக்கு அரை அடி மேலே, ஹை-ஹாட்டைப் பார்த்தபடி. இரண்டும் ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், உயிர்நாடி அதுதான். பலர் கயிறு கட்டி அளப்பார்கள். நைலான் கயிறு இழுபட்டுப் பொய் சொல்லும். ஸ்டீல் டேப் மேல். ஒருவர் ஸ்னேரின் நடுவில் முனையைப் பிடிக்க, இன்னொருவர் இரண்டு மைக்கையும் ஒரு மீட்டர் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கிக்குக்கு மூன்றாவது. நான்காவது இருந்தால் ஸ்னேருக்கு, அதுவும் மிக்ஸில் கொஞ்சமாக.

இந்த அளவுகளெல்லாம் அறைக்கு அடங்கியவை. லைன் வீட்டின் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி, கான்கிரீட் கூரையும் பத்தடி உயரம். ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நின்று முழங்கும் அலைவரிசை, 343-ஐ இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் வரும். பத்தடிக்கு அது 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்றும் அதே 56-இல் முழங்கும். கிக் டிரம்மின் ஆழமும் அங்கேயேதான். அறையின் மூலையில் கிக் பூதாகரமாகவும், நட்டநடுவில் காணாமலும் போவது இதனால்தான். டிரம்ஸை நடுவிலிருந்து இரண்டடி தள்ளி, கொஞ்சம் கோணலாகப் போட்டாலே பாதிச் சிக்கல் தணியும். சரிவான ஓட்டுக்கூரையோ சிமெண்ட் ஷீட் கூரையோ உள்ள வீட்டில் உயரத்தால் வரும் முழக்கம் சிதறிவிடுவதால், பார்க்க எளிய அந்த வீடு ஒலிக்குச் சில நேரம் மேலானது.

கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. குவாரியும் பாலிஷ் பட்டறையும் பக்கத்திலேயே இருப்பதால் கல் பதித்த தரை இங்கே சாதாரணம். பாலிஷ் போட்ட கல், தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் ஓரிரு பங்கைத்தான் உறிஞ்சும். மிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். அதனால் டிரம்ஸின் கீழே தடித்த ஜமுக்காளம் கட்டாயம். கூரைக்கு ஒரு வழி இருக்கிறது: கொசுவலை கட்டுவதற்காக நான்கு மூலையிலும் அடித்திருக்கும் ஆணிகளிலேயே ஒரு கனத்த கம்பளியைத் தொங்கவிடலாம். ஸ்னேரிலிருந்து மேலே போய்க் கூரையில் பட்டு, ஆறடி உயரத்து மைக்குக்குத் திரும்பும் ஒலி, நேர் ஒலியைவிட எட்டடி அதிகம் சுற்றி 7 மில்லி வினாடி தாமதமாக வருகிறது. சிம்பல் சீறிச் சிதறுவதில் பெரும்பங்கு அந்தத் தாமதத்துக்கு உண்டு; கம்பளி அதைத்தான் வெட்டுகிறது. ஃபேனை அணைத்தாக வேண்டும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் அது பெரிய தண்டனையில்லை.

வெளிச்சத்தங்கள் இந்த மண்ணுக்கே உரியவை. என்.எச். 44-இல் இரவும் பகலும் கனரக லாரிகள், சேலம்-பெங்களூர் ரயில், எங்கோ ஒரு பிரஸ் ஷாப்பின் அதிர்வு. இவை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. கிக்குக்குத் தனி மைக் இருப்பதால் மேல் மைக்கில் 100-க்குக் கீழே தயங்காமல் வெட்டிவிடலாம். கிக்கைத் தனியாகப் பிடிக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். கரண்ட் வழியாக வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுவது முதல் மருந்து. எல்லாக் கருவியையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுப்பது இரண்டாவது.

இரண்டு இன்புட் போதாமல், மூன்றாவது மைக்காக மொபைலை அறையில் வைத்துப் பதிந்து பிறகு சேர்க்கிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். தொடக்கத்தில் குச்சிகளை ஒருமுறை தட்டி, அந்தத் தட்டலை வைத்து இரண்டு டிராக்கையும் ஒட்டலாம். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே தனித்தனி குவார்ட்ஸ் படிகம் நேரம் சொல்கிறது, இரண்டும் மயிரிழை வேறுபடும். டைட்டன் ஆலையுள்ள ஊரில் இதை விளக்குவது எளிது. மாதத்துக்கு 15 வினாடி பிசகும் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் ஆறு பங்குதான் பிசகுகிறது. மொபைலுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால், நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் 12 மில்லி வினாடி விலகியிருக்கும். பாட்டின் நடுவே ஓரிரு இடத்தில் வெட்டி மறுபடி ஒட்டினால் சரியாகிவிடும்.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கப்படும் சத்தம் 90 டெசிபல். 100 ஆனால் இரண்டு மணி நேரம், 110 ஆனால் அரை மணி. சின்ன அறையில் டிரம்மரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். பிரஸ் ஷாப்பில் கொடுக்கும் இயர் பிளக்கையே வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். பகலெல்லாம் காதைக் காப்பாற்றிவிட்டு, சாயங்காலம் ஆசையோடு வாசிக்கும் ஒரு மணி நேரத்தில் அதைத் தொலைப்பது கொடுமை.

வீட்டை விட்டு வெளியே போகவும் வழி உண்டு, இரண்டு இன்புட் கருவி பையில் அடங்குவதே அதன் பெரிய பலம். லெட் செப்பலினின் நான்காம் ஆல்பத்துக்காக ஹாம்ப்ஷயரின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் பானமின் டிரம்ஸைப் படிக்கட்டுக் கூடத்தின் அடியில் போட்டு, மேல் மாடியிலிருந்து இரண்டு மைக்கை மட்டும் தொங்கவிட்டுப் பதிந்தவர் ஆண்டி ஜான்ஸ், க்ளின் ஜான்ஸின் தம்பி. கிக்குக்குக்கூடத் தனி மைக் இல்லை. 1971-ல் வெளிவந்த அந்தப் பதிவின் டிரம்ஸ், பிற்காலத்தில் எத்தனையோ பாடல்களில் வெட்டி எடுத்துப் பயன்படுத்தப்பட்டது. ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் அப்படிப்பட்ட கூடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. உயர்ந்த கூரை, கல்தரை, எதிர்ப்புச் சொல்ல அண்டை வீடு ஒட்டியிராத இடம். தெரிந்தவர் மூலம் அரை நாளுக்குச் சாவி கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அந்த மாதங்களில்தான் அதிகம். அங்கே மைக்குகளை டிரம்ஸிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி வைக்கலாம். வீட்டில் எதிரியாக இருந்த எதிரொலி அங்கே இசையின் பாதியாகிவிடும்.

தேவாலயப் பாடகர் குழுவில் டிரம்ஸ் கற்றவர்களும் மெல்லிசைக் குழுவில் பேட் வாசிக்கிறவர்களும் இந்த அரங்கில் இருக்கக்கூடும். அவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று. இதே இரண்டு மைக்கோடு பம்பைக்காரர்களிடம் போக வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி ஊர்களில் மாரியம்மன் திருவிழாவுக்கும் தெருக்கூத்துக்கும் முழங்கும் பம்பை, இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை வாத்தியம். ஒன்று மரம், ஒன்று உலோகம். இரண்டின் நாதமும் வேறு. திருவிழாவில் மொபைலில் பிடித்த பதிவுகளில் அந்த வேறுபாடு செத்துப்போய் ஒரே இரைச்சலாக வருகிறது. மொபைல் தானாகவே ஒலியை நசுக்குவதும், பக்கத்திலேயே ஸ்பீக்கர் செட் அலறுவதும் இதற்குக் காரணம்.

திருவிழா முடிந்த ஒரு பகலில், ஊருக்கு வெளியே மாந்தோப்பில் வைத்துப் பதியலாம். திறந்த வெளியில் கூரை இல்லை, சுவர் இல்லை, 56 ஹெர்ட்ஸ் பூதம் இல்லை; காற்றுக்கு மட்டும் மைக்கில் பஞ்சு உறை போட வேண்டும். கலைஞர் நின்றபடி அசைந்து வாசிப்பவர் என்பதால் மைக்கை ஓரடிக்குள் கொண்டுபோகக் கூடாது, அவர் திரும்பும்போதெல்லாம் ஒலி ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் நான்கடி தள்ளி, இடுப்பு உயரத்தில், பம்பையின் நடுவிலிருந்து இரண்டும் சம தூரத்தில் ஸ்டீல் டேப் பிடித்து நிறுத்தினால் ஒவ்வொரு முகமும் அதனதன் பக்கத்தில் தெளிவாக நிற்கும். கெயினை, அவர் உச்சத்தில் அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 10-ஐத் தாண்டாதபடி வைக்க வேண்டும். 24 பிட் பதிவில் அதனால் எந்த நஷ்டமும் இல்லை. வாசிப்பவருக்குரிய சம்பளத்தைப் பேசிக் கொடுத்து, அவர் பெயர், ஊர், வாசித்த அடவு, தேதி ஆகியவற்றை அவர் குரலிலேயே பதிவின் தொடக்கத்தில் சொல்ல வைத்துவிட்டு, பிறகு வாசிக்கச் சொல்லலாம்.